அறப்பள்ளித் துறையும் அவலாஞ்சி ஓடையும்: மலையாற்று மீன்காப்பு விதிகள் இரண்டு

கொல்லிமலையின் வளப்பூர் நாட்டில், ஐயாற்றங்கரையில் அறப்பளீசுவரர் கோயில் அமைந்துள்ளது. தேவாரம் குறிப்பிடும் வைப்புத்தலங்களுள் இதுவும் ஒன்று. கோயிலை ஒட்டிய ஆற்றுத் துறையில் மீன் பிடிப்பதில்லை. மீன்களுக்கு உணவிடுவது வழிபாட்டின் ஒரு பகுதியாகவே நடைபெற்று வருகிறது. இவ்வழக்கத்திற்குக் காரணமாக ஒரு தலக்கதை கூறப்படுகிறது. ஆற்றில் பிடித்து, அறுத்து, சமைக்கப்பட்ட மீன்கள் சட்டியிலிருந்து துள்ளி ஆற்றில் விழுந்து, துண்டுகள் ஒன்றாகப் பொருந்தி உயிர்பெற்று நீந்தின என்பதே அக்கதை. இறைவனுக்கு வழங்கும் 'அறுத்த மீன் பொருந்தி' என்னும் சிறப்பும் இதனையொட்டியே எழுந்தது.

இக்கதை பெரும்பாலும் அற்புதமாகவே வாசிக்கப்பட்டுள்ளது. மீன்வள வரலாற்றின் நோக்கில் பார்த்தால் இதனை ஒரு விதியாகவும் வாசிக்க இடமுண்டு. விதிக்குரிய உறுப்புகள் இதில் இருக்கின்றன. எல்லை, கோயில் துறை. தடை, முழுமையானது. பருவம், மீனின் வகை, அளவு ஆகிய எதனைக் கொண்டும் விலக்கு இல்லை. தண்டனைப் பிரிவு மட்டும் இல்லை. அதன் இடத்தில் கதை நிற்கிறது. முன்பு ஒருவர் இங்கு மீன் பிடித்தார் என்பதையும் கதை மறைக்கவில்லை. மீறல் நிகழ்ந்த இடத்தில்தான் விதி தேவைப்படுகிறது என்பது சட்ட வரலாற்றில் புதிய செய்தியன்று. அறப்பள்ளி என்னும் பெயரில் உள்ள 'பள்ளி' என்ற சொல்லைக்கொண்டு சமணத் தொடர்பு காண்போர் உண்டு. அதிலிருந்து மீன்காப்பு வழக்கத்தைக் கொல்லாமைக் கொள்கையின் எச்சம் என முடிவு கட்டுவது கவர்ச்சியானதே. எனினும் ஒரு சொல்லின்மேல் அவ்வளவு பாரம் ஏற்றுவது தகாது.

இவ்விதியின் தன்மை, மற்றொரு மலையின் விதியோடு ஒப்பிடும்போது தெளிவாகிறது. கொல்லிமலையின் மேட்டுநிலம் ஏறத்தாழ 1000 முதல் 1300 மீட்டர் உயரமுடையது. குளிர்நீரில் மட்டுமே வாழும் டிரவுட் மீனுக்கு இவ்வுயரம் போதாது. ஏறத்தாழ 2000 மீட்டர் உயரத்தில் அமைந்த நீலகிரி ஓடைகள் அம்மீனுக்குப் பொருந்தும் என ஆங்கிலேயர் கருதினர். 1860களிலேயே மீனியல் அறிஞர் பிரான்சிஸ் டே அதனை அங்குக் குடியேற்ற முயன்றார்; மீன் நிலைக்கவில்லை. மீனுக்கு முன்னரே சட்டம் வந்து சேர்ந்தது. 1879ஆம் ஆண்டின் சென்னை மாகாண இரண்டாம் சட்டமாகிய நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம், வெளியிலிருந்து கொணர்ந்து பழக்கப்படுத்திய மீன்களைக் காப்பதைத் தன் நோக்கங்களுள் ஒன்றாக முகவுரையிலேயே அறிவித்தது. ஓடைகளில் நஞ்சிடுதல், நிலையான பொறிகளை அமைத்தல், குறிப்பிட்ட அளவினும் சிறிய கண்ணுடைய வலைகளைப் பயன்படுத்துதல் ஆகியவற்றைத் தடுக்க விதி செய்யும் அதிகாரத்தை ஆளுநருக்கு அளித்தது. ஒரு நீர்நிலையில் அத்தகைய மீன் உண்மையிலேயே இருக்கவேண்டும் என்பதுகூட இல்லை. இருப்பதாக நம்பப்பட்டாலே போதும். நம்பிக்கையின்மேல் மீனைக் காத்தது கொல்லிமலை மட்டுமன்று.

விதிகள் தம்மளவில் நல்லவை. மலையோடைகளில் நஞ்சிட்டு மீன் பிடிப்பது தென்னிந்தியாவில் பரவலாக இருந்த முறை. காக்காய்க்கொல்லி விதை போன்றவற்றை இடித்து நீரில் கலந்தால், உண்ணத்தக்க மீனோடு சினைமீனும் குஞ்சும் சேர்ந்தே மிதக்கும். சிறுகண் வலையும் ஓடையின் குறுக்கே கட்டிய பொறியும் செய்வது ஏறக்குறைய அதுவே. ஆனால் 1879ஆம் ஆண்டுச் சட்டத்தில் இத்தடைகளுக்குரிய காரணம் விருந்தாளி மீன். ஓடைக்கு உரிய மீன் பிழைத்தால் அது தற்செயலாகக் கிடைத்த பயனே.

உள்நாட்டு மீன் பேசப்படாமலும் இல்லை. தென்கன்னடத்தில் ஆட்சியராக இருந்த எச்.எஸ். தாமஸ் 1870இல் அம்மாவட்ட மீன் வளர்ப்பு குறித்து அறிக்கை எழுதினார். பிரான்சிஸ் டே 1873இல் வெளியிட்ட இந்திய, பர்மிய நன்னீர் மீன்வள அறிக்கை, வருவாய்த்துறை அலுவலர்களிடம் வினவித் திரட்டிய விடைகளைக் கொண்டு, குஞ்சுமீன் அழிவையும் வலைக்கண் சிறுமையையும் விரிவாக எடுத்துக்காட்டியது. ஆயினும் நாடு முழுமைக்குமான இந்திய மீன்வளச் சட்டம் 1897இல்தான் நிறைவேறியது. தோட்டா வைத்தோ நஞ்சிட்டோ மீனைக் கொல்வோருக்கு இரண்டு மாதம் வரை சிறை அல்லது 200 ரூபாய் வரை தண்டம் என்று அது வகுத்தது. குறிப்பிட்ட நீர்ப்பகுதியில் இரண்டு ஆண்டுகளுக்கு மிகாமல் மீன்பிடிப்பை அறவே நிறுத்திவைக்கவும் மாகாண அரசுக்கு அதிகாரம் தந்தது. விருந்தாளிக்குக் கிடைத்த காப்பு வீட்டாருக்குக் கிடைக்க 18 ஆண்டுகள் சென்றன. இதற்கிடையில் நீலகிரியில் டிரவுட் இன்னும் வேரூன்றவில்லை. எச்.சி. வில்சனின் முயற்சியால் 1907இல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைந்த பின்னரே வானவில் டிரவுட் நிலைபெற்றது.

இரு விதிகளும் வேறுபடும் இடம் இதுதான். நீலகிரிச் சட்டம் மீனைத் தெரிந்துகொண்டு காத்தது. காத்ததன் பயன் தூண்டிலோடு வரும் உரிமம் பெற்றவருக்கு. அறப்பள்ளி வழக்கம் இடத்தைத் தெரிந்துகொண்டு காத்தது. அங்குள்ள மீன் எதுவாயினும் காப்புக்குள் அடங்கும். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் டிரவுட் ஆறுகளில், ஆற்றின் ஒரு பகுதியைத் தனியே வரையறுத்து, அங்குப் பிடித்த மீனை உயிரோடு திருப்பிவிடவேண்டும் என்னும் சிறப்பு விதிகள் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து பரவின. இடத்தை வரையறுக்கும் அளவில் அவை நீலகிரிச் சட்டத்தைவிடக் கோயில் துறைக்கே நெருக்கமானவை. ஒப்புமை அவ்வளவே. அங்கு நோக்கம் மீண்டும் மீன் பிடிப்பது. இங்கு நோக்கம் வழிபாடு.

வழிபாட்டால் எழுந்த காப்பு என்பதாலேயே அதன் வரம்பும் குறுகியது. கதை துறையைக் காக்கிறது. ஆற்றைக் காப்பதாகச் சொல்லவில்லை. ஐயாற்றின் நில அமைப்பு இக்குறுகிய வரம்புக்கு ஒரு தனி முக்கியத்துவம் தருகிறது. கோயிலுக்குக் கீழே ஆறு ஆகாயகங்கை அருவியாகப் பாறை விளிம்பிலிருந்து வீழ்கிறது. வெள்ளத்தில் அடித்துச் செல்லப்படும் மீன் கீழே இறங்கலாம். கீழுள்ள மீன் அவ்வருவியில் மேலேறி வர இயலாது. எனவே மேட்டுநில ஓடைகளில் நஞ்சாலோ வறட்சியாலோ மீன் அற்றுப்போனால், சமவெளியிலிருந்து தானாக நிரம்பும் வாய்ப்பு இல்லை. எஞ்சிய மீன் அருவிக்கு மேலேயே எங்கேனும் ஒரு மடுவில் இருந்தாகவேண்டும். அத்தகைய மடுக்களில், யாரும் கைவைக்காதவாறு பலர் பார்வையில் இருப்பது கோயில் துறை.