வலியின் காதும் யாருடைய பாட்டும்

புற்றுநோயாளியின் வலி நெடுங்காலம் மருத்துவச் சொல்லாடலுக்குள் வெறும் உடம்பின் சங்கதியாகவே கிடந்தது. 1960களில் லண்டனில் சிசிலி சாண்டர்ஸ் ‘முழு வலி’ என்று பேசி, மனம், உறவு, நம்பிக்கை எல்லாத்தையும் அதற்குள் கொண்டுவந்தார். மாண்ட்ரியலில் சூசன் மன்றோவும் பால்ஃபர் மவுண்ட்டும் இறுதிக்காலப் பராமரிப்பில் இசை பற்றி 1978இல் எழுதினார்கள்.

சரி, யாருடைய இசை? இதமான இசைன்னாலே பியானோதானா?

தைவானில் 126 நோயாளிகளிடம் நடந்து 2010இல் வெளியான ஆய்வு இந்த இடத்தில் முக்கியமானது. உள்ளூர் நாட்டுப்பாடல், பௌத்தப் பாடல், அமெரிக்க ஹார்ப், பியானோ எல்லாவற்றையும் முன்னால் வைத்து, ‘உங்களுக்கு எது வேணும்’ என்று கேட்டார்கள். பெரும்பாலோர் எடுத்தது சொந்த மண்ணின் இசையை. அரைமணி நேரம் கேட்டவர்களில் 42 சதவீதத்தினருக்கு வலி பாதியாகக் குறைந்தது; பாட்டில்லாமல் ஓய்வெடுத்தவர்களில் 8 சதவீதத்தினருக்கே. அமெரிக்க இசையை எடுத்தவர்களுக்கும் அது பிடிக்காமல் போகவில்லை. நோயாளி கைக்கு வந்த தேர்வுரிமையைத்தான் நான் இதில் பெரிதாகப் பார்க்கிறேன்.

இன்னொன்று: இரு தரப்பாருமே வலிமருந்து எடுத்துக்கொண்டிருந்தவர்கள். மார்ஃபினுக்குப் பதிலா பாட்டுப் போடுறோம்னு செலவைக் குறைக்கப் பார்க்கும் நிர்வாகம் எதுவும் இந்த ஆய்வைச் சாட்சிக்கு இழுக்க முடியாது.