கடை குமாஸ்தா எழுதிய கிரயப் பத்திரம்

1742 வாக்கில் நடந்த சம்பவம் இது. அமெரிக்கா என்ற நாடு அப்போது பிறக்கவே இல்லை. பிரிட்டிஷ் காலனிகளில் ஒன்றான நியூ ஜெர்சியில் மவுண்ட் ஹோலி என்று ஒரு சிறிய ஊர். அங்கே ஒரு கடையில் ஜான் வுல்மன் என்ற இருபத்தோரு வயது இளைஞர் குமாஸ்தாவாக வேலை பார்த்தார். கடையைக் கவனிப்பது, கணக்கு எழுதுவது, தேவைப்பட்டால் பத்திரம் எழுதிக் கொடுப்பது... இதுதான் வேலை.

ஒருநாள் முதலாளி அவரைக் கூப்பிட்டு, தன்னிடம் இருந்த கறுப்பினப் பெண் ஒருத்தியை விற்றுவிட்டதாகவும் அதற்குக் கிரயப் பத்திரம் எழுதும்படியும் சொன்னார். வாங்கியவர் பக்கத்திலேயே காத்திருந்தார். யோசிக்க நேரம் இல்லை. ஒரு மனுஷியைச் சாமானைப் போல எழுதிக் கொடுப்பதா என்று வுல்மனுக்கு உள்ளுக்குள் உறுத்தியது. ஆனால் வருடச் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர், சொல்வது முதலாளி. வாங்குபவரும் யாரோ முரடன் இல்லை. வுல்மனின் சொந்த சபையைச் சேர்ந்த வயதான, மரியாதைக்குரிய மனிதர். இப்படியெல்லாம் மனதுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டு எழுதிக் கொடுத்துவிட்டார்.

எழுதி முடித்ததும் இருவர் முன்னாலும் ஒன்று சொன்னார். அடிமை வைத்திருப்பது கிறிஸ்தவ மார்க்கத்துக்கு ஒவ்வாதது என்று தான் நம்புவதாகச் சொன்னார். அவ்வளவுதான். பத்திரம் கைமாறியது, பெண்ணும் கைமாறினாள். பிற்காலத்தில் வுல்மன் எழுதிய நாட்குறிப்பில் இந்தச் சம்பவம் இருக்கிறது. அந்தப் பெண்ணின் பெயர் மட்டும் இல்லை.

சொல்லிவிட்டதால் மனம் லேசாகிவிட்டதா என்றால், கொஞ்சம்தான் என்கிறார். மனச்சாட்சிக்கு விரோதமான வேலை என்று தெரிந்த பிறகு என்னை விட்டுவிடுங்கள் என்று கேட்டிருக்க வேண்டும் என்பதே அவர் தனக்குத் தானே சொல்லிக்கொண்ட தீர்ப்பு. "மேலதிகாரி சொன்னார், செய்தேன்" என்பது எல்லாக் காலத்திலும் எல்லா ஆபீசிலும் செல்லுபடியாகிற பதில். அதை வைத்துத் தப்பித்துக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை.

வுல்மனைப் புரிந்துகொள்ள அவருடைய சபையைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். குவேக்கர்கள் என்று அழைக்கப்படும் அவர்கள் 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஜார்ஜ் ஃபாக்ஸ் என்பவரின் போதனையால் உருவானவர்கள். பாதிரியார் கிடையாது, ஞானஸ்நானச் சடங்கு கிடையாது. ஒன்றாகக் கூடி மௌனமாக உட்கார்ந்திருப்பார்கள். உள்ளே ஏவப்பட்டவர் எழுந்து பேசுவார். ஒவ்வொரு மனிதனுக்குள்ளும் கடவுளின் ஒளி இருக்கிறது என்பது அவர்களுடைய அடிப்படை நம்பிக்கை. இயேசு மலைப்பிரசங்கத்தில் சொன்னதை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டார்கள். சத்தியம் செய்யாதே என்றாரா, நீதிமன்றத்தில்கூடச் சத்தியம் செய்ய மாட்டார்கள். எதிரியை நேசி என்றாரா, போருக்குப் போக மாட்டார்கள். கடையில் ஒரு விலை சொல்லி இன்னொரு விலைக்கு விற்பது பொய் என்று சொல்லி, பேரமே இல்லாமல் ஒரே விலைக்கு விற்றவர்கள்!

இவ்வளவு நுணுக்கமாக வேதத்தைப் பார்த்தவர்கள் அடிமைகளை வைத்திருந்தார்கள் என்பதுதான் அதிர்ச்சி. பென்சில்வேனியா காலனியை நிறுவிய வில்லியம் பென் புகழ்பெற்ற குவேக்கர். அவரிடமும் அடிமைகள் இருந்தார்கள். எதிர்ப்பு எழாமல் இல்லை. 1688இல் ஜெர்மன்டவுனில் நான்கு பேர் ஒரு மனு எழுதினார்கள். பிறர் உங்களுக்கு எதைச் செய்ய வேண்டும் என விரும்புகிறீர்களோ அதையே அவர்களுக்குச் செய்யுங்கள் என்று இயேசு போதித்ததை எடுத்துக்காட்டி, நிறத்தைப் பார்த்து இதற்கு விதிவிலக்கு உண்டா என்பது போலக் கேட்டிருந்தார்கள். மனு ஒவ்வொரு கூட்டமாக மேலே போனது, கடைசியில் ஆண்டுக் கூட்டத்தில் ஓரமாக வைக்கப்பட்டது.

அடுத்து வந்தவர் பெஞ்சமின் லே. நான்கடிக்குச் சற்று அதிகமான உயரம், கூன் முதுகு, பயங்கரமான கோபம். பார்படோஸ் தீவில் கடை வைத்திருந்தபோது கரும்புத் தோட்ட அடிமைகளின் நிலையைக் கண்ணால் பார்த்தவர். 1738இல் பர்லிங்டனில் நடந்த ஆண்டுக் கூட்டத்துக்கு மேலங்கிக்குள் ராணுவ உடையும் வாளுமாக வந்தார். கையில் ஒரு புத்தகம்; உள்ளே குடைந்து, சிவப்புப் பழச்சாறு நிரப்பிய பை ஒன்றை மறைத்து வைத்திருந்தார். அடிமை வைத்திருப்பவர்களின் ரத்தத்தைக் கடவுள் சிந்துவார் என்று கத்திவிட்டு வாளால் புத்தகத்தைக் குத்தினார். சாறு பீறிட்டுப் பக்கத்தில் இருந்தவர்கள் மேலெல்லாம் தெறித்தது. சபை அவரை விலக்கிவிட்டது.

லே சொன்னதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் "பைத்தியக்காரன்" என்று ஒரு வார்த்தை சொல்லி அவரைத் தள்ளிவிடுவது எல்லோருக்கும் சுலபமாக இருந்தது. வுல்மனை அப்படித் தள்ள முடியவில்லை. அவர் கத்தவே இல்லையே!

அந்தக் கிரயப் பத்திரத்துக்குச் சில காலம் கழித்து இன்னொரு இளைஞர் அதே மாதிரி அடிமைப் பத்திரம் எழுதக் கேட்டு வந்தார். இந்த முறை வுல்மன் மறுத்துவிட்டார். பிறகு ஒரு பக்கத்து வீட்டுக்காரர் அடிபட்டுப் படுக்கையில் கிடந்து, வுல்மனுக்கு ஆள் அனுப்பி, உயிலும் எழுதித் தரச் சொன்னார். வுல்மன் போய்க் குறிப்பு எடுத்துக்கொண்டார். சொத்துக்களோடு சேர்த்து, ஓர் அடிமைப் பெண்ணை எந்தப் பிள்ளைக்குக் கொடுப்பது என்பதும் அதில் இருந்தது. வுல்மன் மற்ற எல்லாவற்றையும் எழுதினார், அந்த ஒரு பகுதியை மட்டும் விட்டுவிட்டார். எழுதியதைப் படுக்கைக்குக் கொண்டுபோய், ஒரு மனித உயிரை அடிமையாக்கும் எழுத்தை எழுதத் தன்னால் முடியவில்லை, செய்த வேலைக்குக் கூலி வேண்டாம், மீதியை எழுதுவதிலிருந்து என்னை விட்டுவிடுங்கள் என்று தன்மையாகச் சொன்னார். இருவரும் அதைப் பற்றித் தீவிரமாகப் பேசினார்கள். கடைசியில் அந்த மனிதர் அவளை விடுதலை செய்யச் சம்மதித்தார். வுல்மன் உயிலை முடித்துக் கொடுத்தார்.

இதில் கவனிக்க வேண்டியது, பத்திரம் எழுதுவது அவருக்கு வருமானம் தரும் தொழில். உயில் எழுத வருபவர்கள் ஊரில் வசதியானவர்கள். மறுத்தால் கூலியும் போகும், நட்பும் போகும்.

வியாபாரத்திலும் அவர் போக்கே தனி. சொந்தமாகக் கடை வைத்துத் தையல் சாமான்கள், துணிகள் என்று விற்றார். நன்றாகவே நடந்தது. அதுதான் பிரச்சினையாகிவிட்டது! வியாபாரம் வளர வளர மனம் முழுக்க அதிலேயே சிக்கிக்கொள்கிறது என்று பார்த்தார். இன்னொன்றும் பார்த்தார்: ஏழைகள் தகுதிக்கு மீறிய பொருளைக் கடனில் வாங்கி, கட்ட முடியாமல் கோர்ட்டு வரை போனார்கள். ஆகவே வசதியில்லாதவர்கள் வந்தால், விலை குறைந்த, உபயோகமான பொருளை எடுத்துக்கொள்ளும்படி அவரே சொல்வார். 1756 வாக்கில், இனி படிப்படியாகக் கடையை நிறுத்தப் போகிறேன், நீங்கள் வேறு எந்தக் கடைக்குப் போவது என்று யோசித்துக்கொள்ளுங்கள் என்று வாடிக்கையாளர்களிடமே சொல்லிவிட்டு, தையல் வேலையும் பழத்தோட்டமும் போதும் என்று ஒதுங்கினார். லாபத்தை அதிகமாக்குவது எப்படி என்று மூன்று வருடம் படிக்கிறவர்களுக்கு இந்த மனிதரை எந்த அத்தியாயத்தில் வைப்பது என்று தெரியாது.

1746இல் அவர் தெற்கே மேரிலாந்து, வர்ஜீனியா, வட கரோலினா பக்கம் பயணம் போய் வந்தார். அடிமைகளின் உழைப்பில் நடந்த வசதியான வீடுகளில்தான் தங்க வேண்டியிருந்தது. சாப்பிடும் சோறே உறுத்தியது. திரும்பி வந்து அடிமை முறை பற்றி ஒரு கட்டுரை எழுதினார், எழுதிவிட்டுப் பல வருடம் வெளியிடாமலே வைத்திருந்தார். 1750இல் தந்தை மரணப் படுக்கையில் அதைப் பற்றி விசாரித்து வெளியிடச் சொன்னார். 1754இல் அச்சானது. தாழ்ந்தவர்களில் ஒருவனுக்குச் செய்வது தனக்கே செய்வது என்று இயேசு சொன்னதைத் தலைப்பில் வைத்துத் தொடங்கும் அந்தக் கட்டுரை யாரையும் திட்டுவதில்லை. அவர்கள் இடத்தில் நம் முன்னோர்களும் நாமும் இருந்திருந்தால் என்ன நினைத்திருப்போம் என்று பொறுமையாகக் கேட்கிறது.

1757இல் மறுபடி தெற்கே போனபோது ஒரு வழி கண்டுபிடித்தார். சிறு வெள்ளிக் காசுகளைக் கையோடு கொண்டுபோனார். அடிமைகள் வேலை செய்யும் வீட்டில் தங்கினால், கிளம்பும்போது அவர்களுடைய உழைப்புக்கான கூலியை வீட்டுக்காரரிடம் கொடுத்து அவர்களுக்குத் தரச் சொல்வார், சில இடங்களில் தானே நேராகக் கொடுப்பார். வீட்டுக்காரரோ பணக்காரர், விருந்தாளியாக அழைத்தவர். அவர் கையில் காசை வைப்பது எவ்வளவு சங்கடம்! வுல்மனும் அதைச் சோதனையாகவே உணர்ந்தார். ஆனால் இலவச விருந்து என்பது யாரோ ஒருவர் கூலியில்லாமல் உழைத்தது என்பதை ஒரு பிரசங்கத்தைவிட அந்தக் காசு தெளிவாகச் சொன்னது.

1758இல் பிலடெல்பியா ஆண்டுக் கூட்டம். அடிமைப் பிரச்சினை மறுபடி வந்தது. பொறுத்திருப்போம், கர்த்தர் ஒரு வழி திறப்பார் என்று சிலர் சொன்னார்கள். பக்தியான பேச்சுதான், எதையும் செய்யாமல் இருக்க அதைவிட நல்ல சாக்கும் கிடையாது. வெகு நேரம் மௌனமாக இருந்த வுல்மன் எழுந்தார். அடிமைகளின் கூக்குரல் கடவுளின் காதுக்கு எட்டிவிட்டது, சிலருடைய லாபத்துக்காகவும் சிலருடைய நட்புக்காகவும் இனியும் தள்ளிப்போடக் கூடாது என்ற பொருளில் பேசினார். கூட்டம் அசைந்தது. அடிமைகளை வாங்கி விற்பவர்களுக்குச் சபை நிர்வாகக் கூட்டங்களில் இடமில்லை என்று முடிவானது. அடிமை வைத்திருக்கும் ஒவ்வொருவரையும் வீட்டுக்கே போய்ச் சந்திக்க, வுல்மன் உட்படச் சிலர் நியமிக்கப்பட்டார்கள். அந்தச் செய்தி கிழவர் பெஞ்சமின் லேயின் காதுக்கும் போனது. இனி நிம்மதியாகச் சாகலாம் என்று மகிழ்ந்து, மறுவருடமே இறந்தார்.

வீடு வீடாகப் போகும் வேலை பல ஆண்டுகள் நடந்தது. இதற்கிடையே வுல்மன் அடிமை உழைப்பில் வரும் சர்க்கரையை விட்டார். சாயம் போட்ட துணியையும் விட்டார். சாயம் அழுக்கை மறைக்கத்தானே, அழுக்கைத் துவைக்க வேண்டுமே தவிர மறைப்பது என்ன சுத்தம் என்பது அவர் கேள்வி. சாயமில்லாத தொப்பி போட்டுக்கொண்டு சபைக்குப் போனால் வேடிக்கை... அந்தச் சமயம் வெள்ளைத் தொப்பி புது ஃபேஷனாம்! இவரும் ஸ்டைலுக்குத்தான் போடுகிறார் என்று சிலர் நினைத்துவிட்டார்கள்.

இப்படியெல்லாம் சொன்னால் பிறவியிலேயே மகான் போலத் தோன்றும். அப்படி இல்லை. அவர் நாட்குறிப்பிலேயே மிகவும் வலிக்கிற பகுதி ஒன்று உண்டு. ஒரு காலத்தில் இன்னொருவரோடு சேர்ந்து ஓர் உயிலை நிறைவேற்றும் பொறுப்பில் இருந்தபோது, ஒரு கறுப்பினச் சிறுவனை முப்பது வயது வரை உழைக்க வேண்டும் என்று விற்று, பணத்தை எஸ்டேட் கணக்கில் சேர்த்திருந்தார். மற்ற பிள்ளைகளை இருபத்தோரு வயது வரைதான் வேலைக்கு விடுவார்கள். அதாவது ஒன்பது வருடம் கூடுதல். சட்டப்படி எல்லாம் சரி, கணக்கும் சரி.

பல வருடம் கழித்து அது அவரைப் பிடித்துக்கொண்டது. ஜெபக் கூட்டங்களில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். சுவிசேஷத்தில் சகேயு என்ற வரி வசூலிப்பவன் இயேசுவைத் தன் வீட்டில் ஏற்றுக்கொண்ட அன்றே, அநியாயமாக வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்று சொல்கிறானே, அந்த மாதிரி வேலைதான் இனி பாக்கி. விற்ற இருவரில் தன் பங்கு பாதி என்று கணக்கிட்டார். ஒன்பதில் பாதி நாலரை. அந்தக் கடைசி நாலரை வருட உழைப்புக்கு நியாயமான தொகையை அவனை வாங்கியவருக்குக் கொடுக்கத் தன் வாரிசுப் பொறுப்பாளர்களைக் கட்டுப்படுத்தும் பாண்டு பத்திரம் ஒன்றை எழுதி வைத்தார். மன்னிப்புக் கேட்டு ஜெபம் செய்தாயிற்று, அத்தோடு தீர்ந்தது என்று அவர் விடவில்லை.

1772இல் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். அறைகளில் வீண் அலங்கார வேலைப்பாடு இருந்ததால், அங்கே தங்காமல் மாலுமிகளோடு கீழ்த்தளத்தில் பயணம் செய்தார். இங்கிலாந்தில் அஞ்சல் வண்டிகளின் குதிரைகள் ஓடியே சாவதையும், வண்டிப் பையன்கள் குளிரில் விறைத்துப் போவதையும் கேள்விப்பட்டு வண்டியில் ஏறவே மறுத்தார். லண்டனிலிருந்து வடக்கே யார்க் நகரம் வரை நடந்தே போனார். அங்கே அம்மை கண்டு அக்டோபர் 7 அன்று இறந்தார். வயது ஐம்பத்தொன்று.

நாட்குறிப்பு 1774இல் புத்தகமாக வந்தது. 1776இல் பிலடெல்பியா ஆண்டுக் கூட்டம், அடிமைகளை விடுவிக்க மறுக்கும் எவரும் சபையில் இருக்க முடியாது என்று முடிவு செய்தது. ஜெர்மன்டவுன் மனுவிலிருந்து கணக்கிட்டால் 88 வருடம். 1780இல் பென்சில்வேனியா, அடிமை முறையைப் படிப்படியாக ஒழிக்கும் சட்டத்தை இயற்றியது. ஏற்கனவே அடிமைகளாக இருந்தவர்களை அந்தச் சட்டம் விடுவிக்கவில்லை. அடிமைத் தாய்க்கு இனிமேல் பிறக்கும் குழந்தைக்கு மட்டும் விடுதலை, அதுவும் இருபத்தெட்டு வயது வரை உழைத்துக் கொடுத்த பிறகு.