ஐஸ் ஹவுஸும் ஒரு பசையும்

மயிலாப்பூரிலிருந்து கடற்கரைச் சாலையில் கோட்டையை நோக்கிப் போகிறவர்கள், இடது கைப் பக்கம் வட்டமாக வளைந்து நிற்கும் அந்தப் பழைய கட்டடத்தைப் பார்க்காமல் போக முடியாது. 1963-இல் அதற்கு விவேகானந்தர் இல்லம் என்று பெயர் சூட்டினார்கள். ஆனாலும் சுற்றியுள்ள பேட்டைக்கு ஜனங்கள் வாயில் இன்றும் ஐஸ் ஹவுஸ் என்றுதான் பெயர்.

பாஸ்டன் நகரத்து வியாபாரியான பிரெடெரிக் டூடர், குளிர்காலத்தில் ஏரிகள் உறைந்ததும் பனிக்கட்டியைப் பாளம் பாளமாக அறுத்துக் கப்பலேற்றினார். 1806-இல் மார்ட்டினிக் தீவுக்கு அவர் முதல் கப்பலை அனுப்பியபோது ஊரார் சிரித்தார்கள். 1833-இல் 'டஸ்கனி' என்ற கப்பல் 180 டன் ஐஸுடன் புறப்பட்டது. நாலு மாதம் பிரயாணம் செய்து அது கல்கத்தாவை அடைந்தபோது சுமார் 100 டன் மிச்சமிருந்தது! சென்னையில் அவருடைய ஐஸ் கிடங்கு 1842-இல் எழுந்தது.

அத்தனை ஐஸையும் காப்பாற்றியது எது தெரியுமா? மர அறுப்பு ஆலைகள் வேண்டாமென்று தள்ளிய மரத்தூள்தான்.

1870-களில் இங்கேயே நீராவி யந்திரத்தால் ஐஸ் தயாரிக்கத் தொடங்கியதும் டூடர் கம்பெனி வியாபாரம் படுத்துவிட்டது. வீடு வக்கீல் பிலிகிரி ஐயங்காரிடம் வந்தது. 1897-இல் விவேகானந்தர் அங்கே தங்கினார். பிற்பாடு சகோதரி சுப்புலட்சுமியின் ஆதரவில் இளம் விதவைகள் அங்கே தங்கிப் படித்தார்கள்.

டூடருக்கு இருந்த கவலை, ஐஸ் கரைகிறதே என்பது. அடுத்த நூற்றாண்டுக்கு வந்த கவலை நேர் எதிரானது: ஐஸ் வளர்கிறதே!

பெட்டியில் பல நாள் கிடந்த ஐஸ்கிரீம் நாக்கில் மணலாக நறநறப்பதைக் கண்டிருப்பீர்கள். உறைந்த பொருளுக்குள்ளே சின்னப் பனிப்படிகங்கள் அழிய, பெரியவை மேலும் பெருக்கின்றன. பெரிய மீன் சின்ன மீனை விழுங்குகிற கதைதான். ஐஸ்கிரீம் என்றால் ருசி போகும், அவ்வளவுதான். ரத்தம் என்றால், உறையும்போதும் உருகும்போதும் அணுக்களே சிதைந்துவிடும்.

குளிர்பதனப் பெட்டியில் சிவப்பணுக்கள் 42 நாளுக்கு மேல் தாங்காது. 1952-இல் டாக்டர் பேண்டேயும் அவருடைய சகாக்களும் கண்டறிந்த 'பம்பாய்' ரத்தப் பிரிவுக்காரரை எண்ணிப் பாருங்கள். அவருக்கு அதே பிரிவு ரத்தம்தான் ஏற்கும். கொடுப்பவரோ ஆயிரத்தில் ஒருவர்கூட இல்லை. உறையவைத்துச் சேமிப்பது ஒன்றே வழி. கிளிசரின் சேர்த்தால் அணுக்கள் உறைபனியிலும் பிழைக்கும் என்பது 1950-ஆம் ஆண்டு வாக்கிலேயே தெரிந்துவிட்டது. ஆனால் நோயாளிக்கு ஏற்றுமுன் கிளிசரினைக் கழுவிக் கழுவி எடுக்க வேண்டும். அவசரத்துக்கு அது உதவுமா?

விடைக்கு ஒரு குறிப்பைக் கொடுத்தவை தென்துருவக் கடலின் மீன்கள். பூஜ்யத்துக்குக் கீழே ஏறக்குறைய 2 டிகிரியில் இருக்கும் நீரில் அவை உறையாமல் நீந்துகின்றன. அவற்றின் ரத்தத்திலுள்ள ஒருவகைப் புரதம் பனிப்படிகத்தின் மேல் ஒட்டிக்கொண்டு, அதை வளர விடாமல் தடுக்கிறது. இதை 1960-களின் இறுதியில் ஆர்தர் டிவ்ரீஸ் கண்டுபிடித்தார். அருமையான சரக்கு, ஆனால் மீன் ரத்தத்திலிருந்து எவ்வளவு எடுக்க முடியும்?

இங்கேதான் எனக்குப் பிடித்த திருப்பம் வருகிறது. பாலிவினைல் ஆல்கஹால் என்பது 1924-இல் ஜெர்மனியில் பிறந்த செயற்கைப் பொருள். காகிதம் ஒட்டும் பசையிலும் நூலுக்குப் போடும் கஞ்சியிலும் சேர்வது. அதில் துளியளவு கலந்தாலே பனிப்படிகங்கள் பெரிதாவது தடைப்படுகிறது என்று 1995-இல் தெரிந்தது. 2014-இல் இங்கிலாந்தின் வார்விக் சர்வகலாசாலையில் அதைச் சேர்த்து உறையவைத்த சிவப்பணுக்கள், உருகிய பின்பும் கணிசமாகப் பிழைத்தன. இது ஆய்வுக்கூடத்து வெற்றி. ஆய்வுக்கூடத்திலிருந்து ஆஸ்பத்திரி வாசல் வரை நெடுந்தூரம் நடக்க வேண்டும்.

பசைக்கும் மரத்தூளுக்கும் விலை சொற்பம். உலகம் இரண்டையும் பெரிதாக மதித்ததில்லை. டூடர் தம் மரத்தூளால் காப்பாற்றியது கவர்னர் மாளிகை விருந்தாளிகளின் குளிர்பானத்தை. பசை காப்பாற்றக் காத்திருப்பதோ, முகம் தெரியாத யாரோ ஒருவருக்காக இன்னொருவர் கொடுத்த ரத்தத்தை.