கங்காணியும் துண்டும்: இலங்கைத் தோட்டங்களின் தொழிலாளர் வரலாறு

இலங்கை மலையகத்தில் கோப்பித் தோட்டங்கள் பெருகத் தொடங்கிய 1830-களிலிருந்து அந்நாட்டின் ஏற்றுமதி தென்னிந்தியக் கூலியாட்களை நம்பியே நடந்தது. கண்டிச் சிங்களக் குடியானவர்களுக்குச் சொந்த வயலும் சேனை எனும் காட்டுப் புனமும் இருந்தன. தோட்டங்களை நடத்திய வெள்ளைத் துரைமார் கொடுத்த கூலிக்கு நாள் முழுதும் தோட்டத்தில் நிற்க அவர்கள் முன்வரவில்லை. திருச்சி, தஞ்சை, மதுரை, ராமநாதபுரம், சேலம், புதுக்கோட்டைப் பகுதிகளில் இருந்த நிலமற்ற குடும்பங்களுக்கோ பஞ்சமும் கடனும் வேறு வழி விடவில்லை.

கோப்பி பருவப் பயிர். பழம் பறிக்கும் சில மாதங்களுக்குத்தான் ஆட்கள் திரளாக வேண்டும். அது முடிந்ததும் பலர் ஊர் திரும்பினர். தோணியில் மன்னார்க் கரை சேர்ந்து, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தவர்களில் காலராவுக்கும் பசிக்கும் வழியிலேயே பலியானவர்கள் ஏராளம். 1869-இல் தோன்றிய இலைத்துரு நோய் கோப்பியை அழித்தது. ஜேம்ஸ் டெய்லர் 1867-இல் லூல்கந்துர தோட்டத்தில் பயிரிட்டுக் காட்டியிருந்த தேயிலை அந்த நிலங்களில் பரவியது. தேயிலையில் ஆண்டு முழுதும் கொழுந்து எடுக்க வேண்டும். ஆகவே தோட்டத்திலேயே தங்கும் குடும்பங்கள் தேவைப்பட்டன. லயங்கள் எனும் வரிசை வீடுகள் எழுந்தன, கொழுந்து பறிப்பது பெண்களின் வேலையாயிற்று.

மொரீஷியசுக்கும் பிஜிக்கும் போனவர்கள் ஆண்டுக்கணக்கான ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்துக் கப்பலேறினார்கள். இலங்கைக்கு வந்தவர்களைப் பிணைத்தது, ஆள் கட்டி வேலை வாங்கிய கங்காணியிடம் பட்ட கடன். துரை கொடுத்த முன்பணத்தோடு கங்காணி தன் சொந்த ஊருக்கே போய், உறவிலும் சாதியிலும் ஆள் கட்டினான். வழிச்செலவு, அரிசி, துணி, ஊரில் தீர்க்க வேண்டிய பழைய பாக்கி எல்லாம் கூலியாளின் பெயரில் கடனாக ஏறின. எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கு அந்தக் கணக்கைச் சரிபார்க்க வழியில்லை. பெரிய கங்காணியின் கீழ்ச் சில்லறைக் கங்காணிகள் தத்தம் கும்பலை மேய்த்தார்கள். காலையில் பெரட்டு எனும் ஆள் கணக்கெடுப்புக்கு வந்து வேலைக்கு இறங்கிய ஒவ்வொரு தலைக்கும் கங்காணிக்குப் 'பென்ஸ் காசு' கிடைத்தது. நோயாளியையும் மலைக்கு விரட்ட அவனுக்கு இதைவிடப் பெரிய தூண்டுதல் வேண்டியிருக்கவில்லை. வேலை குறைந்தால் செக்ரோல் எனும் வருகைப் பதிவேட்டில் அரைப் பேர்தான் விழும். பாதிக் கூலி போய்விடும்.

இந்த ஏற்பாட்டின் மிகக் கொடிய கருவி துண்டு. குறிப்பிட்ட கடன் தொகையைக் கட்டினால் இந்தக் கும்பலை விடுவிக்கச் சம்மதம் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. ஆள் தட்டுப்பாடு வந்தபோதெல்லாம் கங்காணிகள் துண்டோடு தோட்டம் தோட்டமாகப் போய்க் கூடுதல் முன்பணம் தருபவரிடம் சேர்ந்தார்கள். புதிய துரை பழைய கடனை அடைத்து மேலும் பணம் கொடுப்பார். கூலியாள் கையில் ஒரு சதமும் சேராமலே அவன் கடன் மட்டும் வளரும். உழைப்பவனைக் கேட்காமலே அவன் உழைப்பு கைமாறியது. விலைக்கு விற்பதிலிருந்து இதைப் பிரித்துச் சொல்ல அதிகம் இல்லை. தோட்டத்தை விட்டு ஓடினாலோ, 1865-ஆம் ஆண்டுச் சட்டப்படி சிறை காத்திருந்தது.

துண்டு முறை 1921-இல் தடைசெய்யப்பட்டது. 1922-இல் இந்தியக் குடிபெயர்வுச் சட்டம் வந்தது. 1927-இல் இலங்கை அரசு தோட்டங்களுக்குக் குறைந்தபட்சக் கூலியை ஆண், பெண், சிறுவர் எனத் தனித்தனியே விதித்தது. தஞ்சையிலிருந்து வந்த கோ. நடேசய்யர் 1931-இல் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார். அவர் மனைவி மீனாட்சி அம்மையார் பாட்டுப் பாடித் தொழிலாளரைத் திரட்டினார். கங்காணியின் பிடியை உள்ளிருந்து அசைத்தது சட்டத்தைவிட இந்தத் தொழிற்சங்கங்களே. 1939-இல் இந்திய அரசு பயிற்சியற்ற தொழிலாளர் இலங்கை செல்வதைத் தடுத்தபின் ஆள்கட்டும் வேலை முடிந்துபோனது.

ஏற்றுமதி வருமானத்தை ஈட்டித் தந்த இதே மக்களில் பெரும்பாலோரை 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவராக்கியது. 1964-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. தோட்டங்களில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமக் கூலி 1984-இல்தான் கிடைத்தது. எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் இலங்கை நாடாளுமன்றத்தில் 2003-இல் நிறைவேறியது.