நிற்கப்போகும் நேரத்தில் கார் இன்ஜின் அணைந்துபோதல்

நன்றாக ஓடிவரும் கார், வேகம் குறைந்து நிற்கப்போகும் நொடியில் தானாக அணைந்துபோகும் கோளாறு இது. பட்டறைகளில் ‘ஐடிலிங் நிற்கல’, ‘சிக்னல்ல ஆஃப் ஆகுது’ என்பார்கள். சாவியைத் திருப்பினால் பெரும்பாலும் உடனே ஸ்டார்ட் ஆகிவிடும். பட்டறை வாசலில் நிறுத்திக் காட்டும்போது ஒன்றும் நடக்காது. அதனாலேயே பெட்ரோல் பம்ப், ஸ்பார்க் பிளக், காயில் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பதும், பணம் கரைந்த பிறகும் வண்டி அதே சிக்னலில் அணைவதும் நடக்கின்றன. இந்தக் கோளாறில் எந்தப் பாகம் கெட்டது என்ற கேள்வி இரண்டாவதாக வர வேண்டும். எந்தச் சூழலில் அணைகிறது என்பதே முதல் கேள்வி. வண்டி நின்றதும் இன்ஜினைத் தானே அணைத்து, கிளட்சை மிதித்ததும் கிளப்பும் ஸ்டார்ட்-ஸ்டாப் வசதி புதிய கார்கள் பலவற்றில் உண்டு. அது கோளாறல்ல.

வடசென்னையில்

இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர், மணலி வட்டாரத்தில் இக்கோளாறு சீக்கிரமே வெளிப்படக் காரணம் உண்டு. சென்னைத் துறைமுகத்துக்கும் காமராஜர் துறைமுகத்துக்கும் போகும் கண்டெய்னர் லாரிகளின் வரிசையில் சிக்கும் கார், நாலடி நகர்ந்து நிற்பதும் மறுபடி நகர்வதுமாகவே ஊர்கிறது. நெடுஞ்சாலையில் ஒரு பயணத்துக்கு இரண்டு முறை சோதிக்கப்படும் ஐடிலிங் (ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோதும் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும் நிலை), இங்கே ஒரு கிலோமீட்டருக்குள் பலமுறை சோதிக்கப்படுகிறது. தூசி ஏர் ஃபில்டரை அடைக்கிறது. கடற்காற்றின் உப்பு மின் இணைப்புகளில் பச்சையாகப் பூக்கிறது.

இப்பகுதியின் பட்டறைத் திறமைக்கு நீண்ட வரலாறு உண்டு. 1948இல் தொடங்கப்பட்ட அசோக் மோட்டார்ஸ், எண்ணூரில் முதலில் ஆஸ்டின் கார்களைத்தான் கோத்தது. 1955இல் அசோக் லேலண்டு என்று ஆன பின் லாரியும் பஸ்ஸும் அதன் முகமாயின. லாரி வேலையில் கை பழகியவர்கள் இங்கே நிறைய. பழைய லாரி டீசல் இன்ஜினில் காற்றை மறிக்கும் திராட்டில் தகடு கிடையாது. பம்பிலுள்ள கவர்னரே ஐடிலிங்கைப் பிடித்துவைக்கும். அதனால் அங்கே சந்தேகம் முதலில் டீசல் வரும் வழிமீது விழுவது சரி. பெட்ரோல் காரில் அதே வழக்கத்தைப் பின்பற்றினால் தேடல் தவறான இடத்தில் தொடங்கும். இங்கே முதலில் பார்க்க வேண்டியது காற்றின் வழி.

அந்தச் சில நொடிகளில் நடப்பது

ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் திராட்டில் தகடு மூடிக்கொள்கிறது. வண்டி கியரில் இருந்து, சுழற்சியும் அதிகமாக இருந்தால், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியு பெட்ரோலை முழுவதுமாக நிறுத்திவிடும். சுழற்சி நிமிடத்துக்கு ஆயிரத்துச் சொச்சத்துக்கு இறங்கும்போது மறுபடி பெட்ரோலைத் திறந்துவிட வேண்டும். அதே நேரத்தில் ஓட்டுநர் கிளட்சை மிதிப்பதால் சக்கரம் இன்ஜினைச் சுழற்றித் தந்த உதவியும் போய்விடுகிறது. இனி ஐடிலிங் கட்டுப்பாட்டு வால்வோ, மின்திராட்டில் உள்ள வண்டியில் அந்தத் தகடே சிறிது திறந்தோ காற்றைக் கொடுத்து, 700 முதல் 900 சுழற்சிக்குள் இன்ஜினைத் தாங்க வேண்டும். பிரேக் பூஸ்டர், ஏசி கம்ப்ரசர், ரேடியேட்டர் மின்விசிறி ஆகியவற்றின் சுமையும் அப்போதுதான் வந்து சேர்கிறது.

ஐடிலிங்கில் இன்ஜினுக்குத் தேவைப்படும் காற்று மிகக் குறைவு. அதனால் ஒரு சின்ன ஓட்டை வழியாகக் கசியும் காற்றும் அந்த அளவில் பெரும்பங்காகிவிடும். எண்பது கிலோமீட்டர் வேகத்தில் அதே கசிவை இன்ஜின் பொருட்படுத்தாது. ‘ஓடும்போது எந்தக் குறையும் இல்லையே’ என்று உரிமையாளர் சொல்வது உண்மைதான். அதுவே முதல் தடயமும்கூட.

கண்டறியும் முறை

டேக்கோமீட்டர் முள்ளைக் கவனிப்பது செலவில்லாத முதல் சோதனை. முள் தடுமாறி, இன்ஜின் குலுங்கி, மெல்ல இறங்கி அணைந்தால் காற்று அல்லது பெட்ரோல் கோளாறு. வண்டி உருண்டுகொண்டிருக்கும்போதே சுவிட்சை அணைத்ததுபோல் பட்டென்று நின்றால் மின்சாரப் பக்கம் போக வேண்டும்: கிராங்க் சென்சார், இக்னிஷன் ரிலே, எர்த் வயர். இன்ஜின் சூடேறிய பிறகே அணைந்து, சிறிது ஆறியதும் ஸ்டார்ட் ஆனால் கிராங்க் சென்சார்மீது சந்தேகம் வலுக்கும்.

மெல்ல அணையும் வண்டிகளில் அடிக்கடி காணப்படும் காரணம் திராட்டில் பாடியில் படியும் கரி. தகட்டின் விளிம்பைச் சுற்றிக் கறுப்பு வளையம் கட்டி, காற்று நுழையும் இடுக்கை அடைத்துவிடும். அதற்குரிய கிளீனரைத் துணியில் நனைத்துத் துடைக்க வேண்டும். மின்திராட்டில் தகட்டை விரலால் பலமாகத் தள்ளினால் பல்சக்கரம் கெடலாம். சுத்தம் செய்த பின் பல வண்டிகளில் ஐடிலிங் அளவை இசியுவுக்குப் புதிதாகப் பழக்க வேண்டும். இதை விட்டுவிட்டால் சுத்தம் செய்த வண்டி முன்னைவிட மோசமாக ஓடக்கூடும்.

பிரேக்கை மிதிக்கும்போது மட்டும் அணைகிறதா என்று தனியாகப் பார்க்க வேண்டும். வண்டியை நியூட்ரலில் நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டுப் பிரேக்கை அழுத்திப் பிடிக்கையில் சுழற்சி சரிந்து காலடியில் ‘புஸ்’ என்ற சத்தம் தொடர்ந்து கேட்டால் பூஸ்டரின் டயாஃப்ரம் கிழிந்திருக்கலாம். இது ஐடிலிங் குறையோடு நிற்பதில்லை, பிரேக் குறையும்கூட. இந்த ஒரு சோதனையைத் தள்ளிப்போடவே கூடாது.

ஸ்கேனரில் பிழைக் குறியீடு (கோடு) வரவில்லை என்பதற்காகக் கோளாறு இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம். கோடுகளைவிட, இசியு பெட்ரோலைக் கூட்டியும் குறைத்தும் சரிக்கட்டும் அளவைக் காட்டும் ஃப்யூயல் ட்ரிம் எண்கள் அதிகம் பேசும். ஐடிலிங்கில் ட்ரிம் கூட்டல் பத்து சதவீதத்தைத் தாண்டி, 2500 சுழற்சியில் இயல்புக்குத் திரும்பினால் அது வாக்குவம் கசிவின் அடையாளம்: விரிசல் விட்ட ரப்பர் ஹோஸ், பிசிவி குழாய், மேனிஃபோல்டு கேஸ்கட். திறந்தபடி சிக்கிய இஜிஆர் வால்வும் பர்ஜ் வால்வும் இதே மாதிரி அணைக்கும். ஏசி போட்டால் மட்டும் அணைகிறதென்றால் ஐடிலிங் வால்வு சுமையை ஈடுகட்டவில்லை, அல்லது கம்ப்ரசர் இறுகுகிறது.

பெட்ரோல் பம்பை முதலில் மாற்றுவது இந்தப் புகாருக்குப் பெரும்பாலும் வீண் செலவு. வலுவிழந்த பம்ப், பெட்ரோல் அதிகம் தேவைப்படும் மேம்பால ஏற்றத்திலும் ஓவர்டேக்கிலும்தான் முதலில் காட்டிக்கொடுக்கும்.

கடலோர வண்டிகளில் எர்த் வயரையும் திராட்டில் கனெக்டரையும் கழற்றிப் பார்க்காமல் எந்தப் பாகத்தையும் வாங்கக் கூடாது. 2015 வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் நீரில் நின்ற கார்களில், உடனே தெரியாத அரிப்பு பல மாதங்கள் கழித்துத் தலைகாட்டக்கூடும். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.5 முதல் 14.5 வோல்ட் இருக்க வேண்டும்.

வண்டிக்கு வண்டி

கார்பரேட்டர் கார்களில் ஸ்லோ ஜெட் அடைப்பே வழக்கமான காரணம். டார்க் கன்வெர்ட்டர் ஆட்டோமேட்டிக்கில் லாக்-அப் கிளட்ச் விடுபடாவிட்டால், மேனுவல் வண்டியைக் கிளட்ச் மிதிக்காமல் நிறுத்தியதுபோல் இன்ஜின் அணையும். 2014இல் மாருதி செலரியோவுடன் இந்தியாவுக்கு வந்த ஏஎம்டி வகையில் கிளட்சை விலக்கும் ஆக்சுவேட்டர் பிசகினாலும் அப்படியே. காமன்ரெயில் டீசலில் உயரழுத்த பம்பின் அளவுக் கட்டுப்பாட்டு வால்வு சிக்குவதும், டீசல் குழாயில் காற்று புகுவதும் பார்க்க வேண்டியவை.

தவிர்க்க வேண்டியது

காரணம் தேடாமல் ஐடிலிங்கை ஏற்றிவைத்து அனுப்புவது பரவலான வழக்கம். அது பழுதுநீக்கமல்ல. பூஸ்டர் கசிவைக்கூட அது மறைத்துவிடும். ஆட்டோமேட்டிக் வண்டி பிரேக்கை மீறி முன்னே நகரப் பார்க்கும். சரிசெய்த வண்டியை இன்ஜின் நன்கு சூடான பிறகு, ஏசி போட்டு, நெரிசலில் ஓட்டிப் பார்த்துத்தான் ஒப்படைக்க வேண்டும்.

உருளும்போதே இன்ஜின் அணைந்தால் ஸ்டியரிங் கனத்துவிடும். பூஸ்டரில் எஞ்சிய வாக்குவம் இரண்டு மூன்று மிதிகளுக்கே போதும். ஆகவே பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காமல், ஒரே அழுத்தாகப் பிடித்து வண்டியை நிறுத்த வேண்டும். ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும் என்பதால் சாவியை வெளியே எடுக்கக் கூடாது. பின்னால் டிரெய்லர் வரும் சாலையில் ஹசார்டு விளக்கைப் போட்டபின், நியூட்ரலில் ஸ்டார்ட் செய்ய வேண்டும்.