வீட்டுக்கு ஒருவர்

பத்ருப் போரில் சிறைப்பட்டவர்களுள் ஈட்டுத்தொகை செலுத்த வழியற்றோரும் இருந்தனர். அவர்களுள் எழுதப் படிக்கத் தெரிந்த ஒவ்வொருவரும் மதீனாவின் சிறுவர் 10 பேருக்கு எழுத்துக் கற்பித்தால் அதுவே மீட்புப் பொருளாகும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள். ஹிஜ்ரி 2ஆம் ஆண்டில், அதாவது கி.பி. 624இல் நடந்த இந்நிகழ்ச்சி நம் மதரஸாக்களில் சொல்லப்படாத ஆண்டில்லை. பகைவரிடம் இருப்பினும் கல்வி கல்வியே என்று அதற்கு விளக்கம் உரைப்போம். இன்னொரு படிப்பினையும் அதில் உண்டு. அறியாமையைப் போக்க வேண்டுமானால், அறிந்தவர் அறியாதவர் அருகே அமர வேண்டும். இத்தனை பேருக்கு இவர் பொறுப்பு என்று கணக்கும் வகுக்க வேண்டும். நம் அண்டை நிலமாகிய மலபாரில், நம் காலத்திலேயே, கணினியைக் கொண்டு இந்தப் படிப்பினை நடத்திக் காட்டப்பட்ட வரலாற்றை ஈண்டு எடுத்துரைக்க விழைகிறோம்.

மலபாரின் மாப்பிள்ளைமார் எழுத்தே அறியாதவர் அல்லர். நம் காயலிலும் கீழக்கரையிலும் அரபுத்தமிழ் வழங்கியதுபோல அங்கே அரபு மலையாளம் வழங்கிற்று. மார்க்கச் சட்டங்களையும் மாலைப் பாட்டுகளையும் பெண்டிரும் அவ்வெழுத்தில் படித்தனர். ஆயினும், பள்ளிக்கூடத்தின் எழுத்தே எழுத்து என்ற காலம் வந்தபோது அந்த அறிவு கச்சேரியிலும் அங்காடியிலும் செல்லாக் காசாயிற்று. வெள்ளையர் மீதிருந்த வெறுப்பினால் அவர்தம் கல்வியையும் பலர் ஒதுக்கினர். மக்தி தங்ஙள் (1847–1912) போன்ற சீர்திருத்தவாதிகள் மலையாளமும் ஆங்கிலமும் கற்குமாறு மன்றாடினர். அன்று அக்குரலுக்குச் செவிசாய்த்தவரினும் சினந்தவரே மிகுதி. அதன் விலையை அடுத்து வந்த தலைமுறைகள் கொடுத்தன.

அந்தக் கடன் தீரத் தொடங்கிய ஒரு நாளை நாம் குறித்து வைக்க வேண்டும். 1991 ஏப்ரல் 18. கேரளம் முழு எழுத்தறிவு பெற்றது என்னும் அறிவிப்பு கோழிக்கோட்டு மானாஞ்சிறை மைதானத்தில் எழுந்தது. அதனை அறிவித்தவர் அமைச்சரும் அல்லர், பேராசிரியரும் அல்லர். மலப்புறம் மாவட்டத்தின் சேலக்கோடன் ஆயிஷா என்னும் மூதாட்டி. அந்த எழுத்தறிவு இயக்கத்திலேதான் அவர் மலையாள எழுத்தைக் கற்றிருந்தார். ஊர் ஊராய், திண்ணை திண்ணையாய்ச் சென்று கற்பித்த தொண்டர்களின் உழைப்பு அவர் வாயிலாகப் பேசிற்று.

ஆனால் எழுத்தின் வாசல் திறந்த சில ஆண்டுகளுக்குள் வேறொரு வாசல் சாத்திக்கொண்டது. அரசு அலுவல், வங்கி, பயணச்சீட்டு என யாவும் கணினிக்குள் புகத் தொடங்கின. புதிதாய் எழுத்தறிந்தவர் மீண்டும் அறியாதவர் ஆயினர். இதனைக் கண்ட கேரள அரசு ‘அக்ஷயா’ என்னும் திட்டத்தை வகுத்து, அதன் முதற்களமாக மலப்புறத்தையே தேர்ந்தது. 2002 நவம்பரில் அதனைத் தொடங்கி வைத்தவர், அன்றைய குடியரசுத் தலைவரும் இராமேசுவரம் தந்த நம் பெருமகனாருமாகிய ஏ.பி.ஜே. அப்துல் கலாம் அவர்கள்.

வீட்டுக்கு ஒருவர் கணினி கற்க வேண்டும் என்பதே அதன் குறிக்கோள். எந்த வீட்டிலிருந்தும் 2 அல்லது 3 கிலோமீட்டர் தொலைவுக்குள் ஒரு நிலையம். ஒவ்வொரு நிலையத்தின் பொறுப்பிலும் ஆயிரத்துக்குக் குறையாத குடும்பங்கள். நிலையத்தை நடத்தியவர்கள் அவ்வவ்வூர் இளைஞர்களும் பெண்களுமே. ஒருவருக்கான கட்டணம் 140 ரூபாய். அதில் 120 ரூபாயை உள்ளாட்சி மன்றங்கள் ஏற்க, கற்பவர் 20 ரூபாய் கொடுத்தார். பாடம் மலையாளத்தில் அமைந்தது. வளைகுடா நாட்டிலே உழைக்கும் கணவரின், மகனின் முகத்தைத் திரையில் கண்டு பேசலாம் என்பதே பலரை அந்நிலையங்களுக்கு ஈர்த்தது. அந்த ஆவல் எத்தகையது என்பதைத் தஞ்சை, இராமநாதபுரத்துக் குடும்பங்களுக்கு நாம் விளக்க வேண்டுவதில்லை. சில ஆண்டுகளுக்குள் மலப்புறம், நாட்டின் முதல் கணினி எழுத்தறிவு மாவட்டம் என்று பெயர் பெற்றது.

இத்துடன் முடித்தால் அது புகழுரையாகுமேயன்றி வரலாறாகாது. வகுப்புகள் முடிந்தபின் வருவாய் போதாமல் பல நிலையங்கள் மூடப்பட்டன. நிலைத்து நின்றவை ஓய்வூதியம், ஆதார், ஹஜ் விண்ணப்பம் போன்ற பணிகளால் மக்களுக்கு உதவி வருகின்றன. காலமும் நகர்ந்தது. கணினி இருந்த இடத்தில் கைப்பேசி வந்தது. 2020இல் கொள்ளைநோய் பள்ளிகளைப் பூட்டியது. அவ்வாண்டு ஜூன் 1ஆம் நாள் கேரளத்தில் தொலைக்காட்சி வழியாகவும் இணையத்தின் வழியாகவும் வகுப்புகள் தொடங்கின. அன்றே, அதே மலப்புறம் மாவட்டத்தில், வீட்டுத் தொலைக்காட்சி பழுதுற்று, கைப்பேசியும் இல்லாது, பாடம் கேட்க இயலவில்லையே என்று நொந்த ஒரு பள்ளி மாணவி உயிர் நீத்தாள். கணினிக் கல்வியில் முதலிடம் பெற்ற மாவட்டத்தில் இது நேர்ந்தது என்பதை எண்ணுங்கால் நெஞ்சு பதைக்கிறது. அதன் பின்னரே வாசகசாலைகளும் மன்றங்களும் ஆசிரியர்களும் விரைந்து எழுந்து, கருவியற்ற பிள்ளைகளின் வீடுகளைத் தேடிச் சென்றனர். அந்தத் தேடல் ஒரு வாரம் முந்தியிருக்கலாகாதா?

விருதும் அறிவிப்பும் ஒரு நாளைக்கு உரியவை; அறியாமையோ புதுக்கருவி தோன்றுந்தோறும் புதிதாய்ப் பிறக்கிறது. இதனை உணர்ந்தே கேரளம் மீண்டும் வீடு வீடாகக் கணக்கெடுத்தது. ஏறத்தாழ இரண்டரை இலட்சம் தொண்டர்கள் 21 இலட்சத்திற்கும் மேற்பட்டோருக்குக் கைப்பேசியைக் கையாளக் கற்பித்தனர். 2025 ஆகஸ்ட் 21இல் அப்பணி நிறைவுற்றதாக அறிவிக்கப்பட்டது. அவ்வாறு கற்றவர்களுள் எர்ணாகுளம் மாவட்டத்தைச் சேர்ந்த 105 வயது மௌலவி ஒருவரும் இருந்தார். அவர் ‘பாகவி’ப் பட்டம் பெற்றவர். அப்பட்டம் நம் வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத்தில் ஓதியவர்க்கு உரியது என்பதை வாசகர்கள் அறிவார்கள். வாழ்நாளெல்லாம் கற்பித்த ஆலிம் ஒருவர், நூறாண்டு கடந்தபின் மாணவராய் அமர்ந்தார். இனி நம்மில் யார்தாம் வயதைக் காரணம் காட்ட இயலும்?

நம் மஹல்லாக்களின் நிலை என்ன? உதவித்தொகை விண்ணப்பத்தைக் கையில் ஏந்தி, கணினிக் கடையின் வாயிலில் காத்துக் கிடக்கும் தாய்மாரை நாள்தோறும் காண்கிறோம். கடைசி நாள் கடந்ததை அறியாது கல்லூரி வாய்ப்பை இழந்த பிள்ளைகளும் நம்மிடையே உண்டு. வங்கிச் சீட்டின் இரகசிய எண்ணை அயலாரிடம் ஒப்புவித்து ஏமாறும் முதியோரும் உண்டு. மறுபுறம், மாலை மதரஸா முடிந்தபின் விளக்கணைந்து கிடக்கும் கூடங்கள் ஊர்தோறும் உள்ளன; கணினி கற்ற பிள்ளைகளும் தெருத்தோறும் உள்ளனர். இவ்விரண்டையும் இணைப்பதற்குப் பெரும்பொருள் தேவையில்லை. ஜமாஅத்தின் குடும்பப் பதிவேட்டைத் திறந்து, எந்த வீட்டில் அறிந்தவர் எவருமில்லை என்று குறித்து, அங்கே ஒருவருக்குக் கற்பிக்கும் பொறுப்பை ஓர் இளைஞரிடமோ ஒரு மாணவியிடமோ ஒப்படைத்தால் போதும்.

மதீனாவில் ஒருவருக்கு 10 பேர் என்று கணக்கு வகுக்கப்பட்டது. மலப்புறத்தில் வீட்டுக்கு ஒருவர் என்று வகுத்தனர். நம் ஊரின் கணக்கை வகுக்க வேண்டியவர்கள் நாமே. வல்ல அல்லாஹ் அதற்கான மனத்தையும் துணிவையும் நமக்கு அருள்வானாக! ஆமீன்.