ஸ்காட்ச் புரூம்

ஸ்காட்ச் புரூம், பட்டாணிக் குடும்பத்தைச் சேர்ந்த மஞ்சள் பூப்புதர். தாவரவியல் பெயர் சைட்டிசஸ் ஸ்கோபேரியஸ். மேற்கு ஐரோப்பாவும் நடு ஐரோப்பாவும் இதன் தாயகம். ஆள் உயரத்துக்கும் மேலாக, 3 மீட்டர் வரை வளரும். இலைகள் சிறியவை, சீக்கிரம் உதிர்பவை. இலை இல்லாத நாட்களிலும் பச்சைத் தண்டுகளே உணவு தயாரித்துக்கொள்வதால் உறைபனி, வறட்சி இரண்டையும் சமாளித்துவிடுகிறது. வேர் முடிச்சுகளில் உள்ள நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்க்கின்றன. சத்தில்லாத மலைச்சரிவிலும் இது செழிப்பதற்கு அதுதான் காரணம்.

பூவில் தேன் கிடையாது, மகரந்தம் மட்டும்தான். கீழிதழ்கள் இரண்டும் ஒட்டிக்கொண்டு மகரந்தத் தாள்களையும் சூல்தண்டையும் உள்ளே அழுத்தி வைத்திருக்கும். கனமான தேனீ வந்து உட்கார்ந்ததும் ஒட்டு விட்டுப்போகிறது. உள்ளிருப்பவை சட்டெனத் துள்ளி எழுந்து தேனீயின் உடம்பில் மகரந்தத்தை அப்பிவிடுகின்றன. ஒருமுறை திறந்த பூ மறுபடி மூடாது.

காய்கள் முற்றிக் கறுத்தபின் வெயிலில் படீரென வெடித்து முறுக்கிக்கொள்ளும். விதைகள் சில மீட்டர் தூரம் தெறிக்கும். விதையோடு ஒட்டியிருக்கும் கொழுப்புத் துணுக்குக்காக எறும்புகள் அதை இன்னும் சற்றுத் தள்ளிக் கொண்டுபோகும். ஒரு பெரிய புதர் ஆண்டுக்குப் பல ஆயிரம் விதைகளைத் தரும். தோல் கெட்டியான அவை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். கண்ணில் படும் புதரைவிட மண்ணுக்குள் கிடக்கும் இந்த இருப்புதான் பெரிய தொல்லை.

இந்தச் செடி தானாகக் கடல் தாண்டவில்லை. அழகுக்காகவும் மண்ணரிப்பைத் தடுக்கவும் மனிதர்களே கொண்டுபோய் நட்டார்கள். கனடாவின் வான்கூவர் தீவில் 1850-இல் கேப்டன் வால்டர் கிராண்ட் விதைத்தவற்றில் மூன்றே செடிகள் பிழைத்தன என்று சொல்லப்படுகிறது. இன்று அத்தீவின் ஓக் மரப் புல்வெளிகளில் இது பெரிய களை. ஆஸ்திரேலியாவின் பாரிங்டன் டாப்ஸ் மலைப்பகுதியில் சுமார் 10,000 ஹெக்டேரில் பரவியிருக்கிறது. நியூசிலாந்திலும் இதே கதைதான்.

நீலகிரிக்கு ஆங்கிலேயர் காலத்தில் அழகுச் செடியாக வந்தது. அவலாஞ்சி, அப்பர் பவானி, முக்கூர்த்தி பகுதிகளில் சோலைக்காடுகளை ஒட்டிய புல்வெளிகளில் இப்போது அடர்ந்து நிற்கிறது. வெயில் வேண்டிய செடி என்பதால் அடர்ந்த சோலையின் நிழலுக்குள் இதற்கு வேலையில்லை. அடி முழுவதும் புல்வெளிக்குத்தான். புதரின் நிழலில் உள்ளூர்ப் புற்கள் மெலிகின்றன. நிழல் தாங்கும் களைகள் அவற்றின் இடத்தைப் பிடிக்கின்றன. இந்தப் புல்வெளியை நம்பித்தான் வரையாடும் தோடர்களின் எருமையும் மேய்கின்றன. புரூம் தண்டில் ஸ்பார்டீன் என்ற நச்சுப்பொருள் இருப்பதால் புல்லுக்குப் பதில் தீவனமாகவும் இது உதவாது. சுற்றுலா வருகிறவர்களுக்கு அந்த மஞ்சள் சரிவு நல்ல புகைப்படம். அதில் குறை சொல்ல முடியாது, செடி உண்மையிலேயே அழகுதான்.

ஒழிப்பதில் அவசரம் உதவாது. தீ வைத்தால் புதர் கருகும், ஆனால் அந்தச் சூட்டில் விதைத்தோல் விரிசல் விட்டு நாற்றுகள் கூட்டமாக முளைக்கும். பெரிய புதரை வேரோடு பிடுங்கினாலும் மண் கிளறப்பட்டு அதே நிலைதான். இளஞ்செடிகளை மண் ஈரமாக இருக்கும்போது பிடுங்குவதும், முதிர்ந்தவற்றைக் கோடையில் தரையோடு வெட்டுவதும் ஓரளவு பலன் தருகின்றன. வெட்டிய கட்டை துளிர்க்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நியூசிலாந்தில் இதன் விதைகளைத் தின்னும் ஒருவகை வண்டு விடப்பட்டிருக்கிறது. எந்த வழியானாலும், செடி எடுத்த இடத்தில் உள்ளூர்ப் புல்லை நட்டு மண்ணை மூடி, ஆண்டுதோறும் பூக்கும் முன்பே புதிய நாற்றுகளைக் களைய வேண்டும். ஓராண்டு விட்டாலும் மண்ணில் புது விதை சேர்ந்துவிடும்.